அருவி ஏறும் மீனின் கணக்கு

"இவ்வளவு நேரமா நிக்கிறோம், ஒண்ணையும் காணோம்" என்று மகள் சலித்துக்கொண்டு முடிக்கவில்லை, நுரைக்குள்ளிருந்து ஒரு சால்மன் எழும்பியது. பாறையில் பொத்தென்று மோதி, சரிந்து, வந்த இடத்துக்கே போய்விட்டது. "ஐயோ பாவம், அடிபட்டிருக்குமே" என்றார் அம்மா.

ஸ்காட்லாந்தின் வடக்கே, லேர்க் ஊருக்குத் தெற்கில் இருக்கிறது ஷின் அருவி. உயரத்தைப் பார்த்து மலைக்க ஒன்றுமில்லை, 12 அடி இருக்கும். ஆனால் கடலில் கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீனுக்கு இதைத் தாண்டாமல் வழியில்லை.

சரி, எப்படித் தாண்டுகிறது? பாய்ச்சலில் ஒரு சால்மன் நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல 10 மடங்கு தூரம் போகும் என்பது தோராயக் கணக்கு. 70 சென்டிமீட்டர் மீன் என்றால் நொடிக்கு 7 மீட்டர். அந்த வேகத்தில் நேர் செங்குத்தாக எழும்பினால் 2.5 மீட்டர் உயரம் கிடைக்கும். பாக்கி உயரத்துக்கு என்ன செய்வது?

அங்கேதான் அருவியே உதவிக்கு வருகிறது. மேலிருந்து விழும் தண்ணீர் மடுவின் அடிவரை போய், சற்றுத் தள்ளி மேல்நோக்கிப் பொங்குகிறது. உலை கொதிப்பதுபோல அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். மீன் கிளம்புவது அங்கிருந்து. பொங்கும் தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகம் சேர்த்துக் கொடுத்தால் போதும், அதே மீனின் தாவல் 2.5 மீட்டரிலிருந்து 3.2 மீட்டருக்கு மேல் போய்விடும். அருவிக்கு ரொம்ப ஒட்டினாற்போல் கிளம்பினால் இது கிடைக்காது. அங்கே வெறும் நுரை. காற்று கலந்த தண்ணீரில் வாலுக்குப் பிடிமானம் ஏது?

வேகம் பிடிக்க ஆழமும் வேண்டும். ஸ்காட்லாந்தில் சால்மனின் தாவலை ஆராய்ந்த டி. ஏ. ஸ்டூவர்ட், அருவியின் உயரத்தைப்போல 1.25 மடங்கு ஆழமுள்ள மடுதான் தாவ வாகானது என்று 1962இல் எழுதினார். உயரம் குறைவாக இருந்தும் மீன் ஏற முடியாத தடுப்பணைகள் உண்டு. பெரும்பாலும் குற்றம் கீழே உள்ள ஆழமில்லாத தரைமீதுதான்.

இந்தப் பாய்ச்சல் வெள்ளைத் தசையின் வேலை. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சில நொடிகள் முழு பலத்தையும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அப்புறம் மீன் மடுவில் கிடந்து தேற வேண்டும். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தாலும் தசை சுணங்கும். இத்தனைக்கும் ஆற்றுக்குள் வந்தபின் அது இரை எடுப்பதில்லை, கடலில் சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். பிறகு தூண்டிலை ஏன் கவ்வுகிறது? எரிச்சலா, பழைய பழக்கமா என்று தூண்டில்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், பொழுது போய்விடும். நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. அன்று சால்மன் பிடிக்க அந்நாட்டுச் சட்டம் விடாது என்பதால், கேட்கவும் ஆளில்லை.

கிளம்பும் நேரத்தில் இன்னொன்று எழும்பியது. அந்தரத்திலும் வாலை அடித்துக்கொண்டே போனது. வீண் வேலைபோலத் தெரியும், ஆனால் மேல் விளிம்பில் விழுந்த கணமே நீந்தத் தொடங்காவிட்டால் தண்ணீர் கீழே தள்ளிவிடும். விளிம்பில் விழுந்தது. அரை நொடி அங்கேயே நின்று துடித்தது. பிறகு காணவில்லை.

"ஏறிடுச்சா, விழுந்துடுச்சா?" என்றார் அம்மா. மூன்று பேரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மறுபடி நின்றோம்.