செருப்பு போட்டுத் தொட்டால் ஒன்றும் ஆகாதாம்!

நான் எலக்ட்ரீஷியன். போன வாரம் மதுரையில் ஒரு வீடு. வாஷிங் மெஷினைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரெண்டு மாசமா இருக்கு சார். செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் ஆகல" என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் டிபி பாக்ஸை, அதாவது மெயின் சுவிட்ச் பெட்டியை, திறந்து காட்டினார். "எம்சிபி இருக்கே சார். ஆபத்துன்னா அதுவே விழுந்திருக்குமே?"

இந்தக் கோடையில் இதே வசனத்தைக் கேட்பது இது நான்காவது வீடு.

விழாது ஐயா. எம்சிபி என்பது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து (அணைந்து) லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அது உங்களுக்காக வைத்ததே இல்லை, சுவருக்குள் ஓடும் வயருக்காக வைத்தது. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் அதைத் தாண்டி மின்சாரம் ஓடினால்தான் அதற்கு வேலை. உங்கள் உடம்பில் எவ்வளவு ஓடும்? பள்ளியில் படித்த ஓம் விதிதான்: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடம்புக்குத் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இதைவிட அதிகமாக இழுக்கும்! எம்சிபியின் கணக்கில் நீங்கள் ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான். ஆனால் இதயத்தைத் தடுமாற வைக்க அதில் பாதியே போதும். செருப்பு என்ன செய்தது? தடையைக் கொஞ்சம் கூட்டியது. அது நனைந்தாலோ, இன்னொரு கை இரும்புக் குழாயில் பட்டாலோ அந்தக் கணக்கு மாறிவிடும்.

"எர்த் இருக்கு, கசிஞ்சா மண்ணுக்குள்ள போயிடும்" என்பது அடுத்த பதில். இந்த வீட்டில் சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. போன மாதம் பார்த்த வீட்டில் இருந்தது. ஆனால் எர்த் குழி காய்ந்து, தடையை அளந்தால் 20 ஓம். ஃபேஸ் வயர் (கரன்ட் வரும் வயர்) மெஷின் பாடியில் முழுசாகப் பட்டாலும் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. அதே எர்த்தில் இருக்கும் ஃப்ரிட்ஜ், கீசர் பாடியெல்லாம் சேர்ந்து கரன்ட்டில் நிற்கும்.

மனிதனுக்காக வைப்பது ஆர்சிசிபி, மின்கசிவைக் கண்டால் விழும் சுவிட்ச். ஃபேஸில் போனது நியூட்ரலில் (திரும்பும் வயரில்) முழுசாகத் திரும்பவில்லை, 30 மில்லி ஆம்பியர் குறைகிறது என்றாலே கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். கொடுமை என்னவென்றால், இந்த வீட்டில் அதுவும் இருந்தது. இன்வெர்ட்டர் மாட்டியபோது அதன் நியூட்ரலை மற்ற லைன் நியூட்ரலோடு கலந்துவிட்டார்கள், ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது, அதனால் அதைச் சுற்றி வயரை நேராக இணைத்து பைபாஸ் செய்துவிட்டார்கள். விழுவது அதன் கோளாறு இல்லை, வேலை! (நம் தொழில்காரர்களுக்கு: நியூட்ரலைப் பிரிக்கச் சோம்பல்பட்டு இதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டும் வித்தையும் வேண்டாம். நியூட்ரல் அறுந்த நாளில் மெஷின் பாடியே ஃபேஸ் ஆகிவிடும்.)

லேசாக இழுத்தாலும் தொடுவதை நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள், தயவுசெய்து. இருந்தால், அதில் 'T' (டெஸ்ட்) என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அமுக்குங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ரெண்டு மாசம் கழித்து இல்லை.