கேஸ்ல சிக்குனதால பிழைச்ச ஊமைப்படம்

இந்தியாவுல 1300க்கு மேல ஊமைப்படம் எடுத்திருக்காங்க, இப்பம் முப்பதுகூட தேறாது, அதுலயும் பல படம் துண்டு துண்டாத்தான் இருக்கு. இந்தக் கணக்குல எங்க நாகர்கோவில் பக்கத்துக்கு ரெண்டு கதை உண்டு.

ஜே.சி. டேனியல் சொத்தை வித்து எடுத்தது விகதகுமாரன், மலையாளத்தோட முதல் படம். ரீல் வீட்டுலயே இருந்தும் மிஞ்சல, சின்னப்பிள்ளையா இருந்த மகன் தீ வச்சு விளையாடிட்டார்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். ஆனா நாகர்கோவில் சுந்தர் ராஜ் 1933ல தயாரிச்ச மார்த்தாண்ட வர்மா, திருவனந்தபுரத்துல ரிலீஸ் ஆனதுமே காப்பிரைட் கேஸ்ல சிக்கி, படத்துக்கு மூலமான நாவலைப் பதிப்பிச்ச கமலாலயா புக் டிப்போ கைக்குப் படப்பெட்டி போயி, அங்கேயே வருஷக்கணக்கா கிடந்து, 1974ல பழைய படங்களைப் பாதுகாக்கற புனே ஃபிலிம் ஆர்க்கைவுக்கு வந்து சேர்ந்துச்சு. படத்தை முடக்குன கேஸ்தான் அதைக் காப்பாத்திச்சு. ஓட விட்டிருந்தா ஊர் ஊரா ப்ரொஜெக்டர்ல கிழிஞ்சு, கடைசியில ஃபிலிம்ல இருக்கற வெள்ளியை எடுக்க கழுவிப் போட்டிருப்பாங்க, அன்னைக்கு நிறைய படம் அப்படித்தான் போச்சு.

மிச்சத்தை அழிச்சது நைட்ரேட். அந்தக்கால ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்ல செஞ்சது, தீப்பிடிச்சா எரிய வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு, தண்ணியில முக்கினாலும் அணையாது. தீயே வேண்டாம், சும்மா வச்சாலே நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும், காத்து ஈரத்தோட சேர்ந்து அமிலமாகும், அந்த அமிலம் ஃபிலிமை இன்னும் வேகமா அரிக்கும். முதல்ல படம் மங்கி மஞ்சளிக்கும், அடுத்து பிசுபிசுன்னு ஒட்டும், நுரை தள்ளும், கட்டியாகும், கடைசியில பழுப்புப் பொடி. முதல் ரெண்டு கட்டத்துல கிடைச்சா காப்பி எடுத்துரலாம். கனடாவுல டாசன் சிட்டியில 1978ல மண்ணுக்கடியில ஐந்நூறுக்கு மேல ரீல் கிடைச்சதே, அது உறைஞ்ச மண்ணு காப்பாத்துனது. ரெண்டு மழையும் பெய்யற கன்னியாகுமரி மாவட்டத்துல ஈரம்தான் முதல் எதிரி.

சரி, ஒரு பெட்டி கிடைச்சா அது என்ன படம்னு எப்படி கண்டுபிடிக்கறாங்க? டப்பா மேல இருக்கற பேரை நம்பவே மாட்டாங்க, உள்ள வேற படம் இருக்கும், டைட்டில் இருக்கற முதல் சில அடிதான் முதல்ல தேஞ்சு போயிருக்கும். அதனால ஃபிலிமோட ஓரத்தைத்தான் பார்ப்பாங்க. ரெண்டு பக்க ஓட்டைக்கும் நடுவுல முழு அகலத்துக்கும் படம் இருந்தா ஊமைப்பட காலத்துது, பேசும்படம்னா ஒரு பக்கம் சவுண்ட் ட்ராக்குக்கு இடம் விட்டிருக்கும். கோடாக் ஃபிலிம்ல ஓரத்துல வட்டம், சதுரம், முக்கோணம்னு குட்டிக் குறி இருக்கும், அது தயாரிச்ச வருஷம். வட்டம்னா 1916, சதுரம் 1917, முக்கோணம் 1918, ஆனா இருபது வருஷத்துக்கு ஒருக்கா அதே குறி திரும்ப வரும், அதனால வட்டம் 1936ஆவும் இருக்கலாம். பிரிண்ட் போடும்போது பழைய நெகட்டிவோட குறியும் சேர்ந்து விழுந்துரும், அதையும் படிச்சா எந்தக் காலத்துப் படத்தோட எந்தக் காலத்துக் காப்பின்னு பிரிச்சு சொல்லிருவாங்க. அப்புறம் நடிகர் முகம், உடுப்பு, இடையில வர்ற எழுத்துக் கார்டு எல்லாத்தையும் பழைய பத்திரிகை விளம்பரத்தோட ஒத்துப் பார்க்கணும், இதுக்குத்தான் மாசக்கணக்கு ஆகும்.

தக்கலை, குழித்துறை, களியக்காவிளை பக்கம் பழைய கொட்டகைக்காரங்க குடும்பத்துல யார் வீட்டு மச்சுலயாவது துருப்பிடிச்ச டப்பா இருந்தா தயவுசெஞ்சு ஆக்கர்கிட்ட (பழைய சாமான் வாங்கறவர்கிட்ட) போடாதீங்க. ப்ரொஜெக்டர்ல ஓட்டாதீங்க, சுருளைப் பிரிக்காதீங்க, அடுப்பு, பீடி, வெயில் எதுவும் கிட்ட வேண்டாம். மேல எழுதியிருக்கறதை துடைக்காம ஒரு போட்டோ எடுத்து புனே ஆர்க்கைவுக்கு அனுப்புங்க.