நேர்ல பாத்தவரு வேற, நேரடி சாட்சி வேற

"நேரடி சாட்சி"ன்னு எழுதுறத எப்பத்தான் நிறுத்துவாங்களோ. சுங்கை சிப்புட்ல ஒட்டுக்கடையில பேப்பர விரிச்சா "நேரடி சாட்சி இல்லாததால் விடுதலை, அரசுத் தரப்பு அப்பீல்"னு செய்தி, பக்கத்து மேசை அண்ணன் உடனே "கேஸ்லதான் ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எதுக்கு அப்பீலு?"ங்கிறாரு. அவரு மேல தப்பில்ல, இங்கிலீஷ் "eyewitness"அ "நேரடி சாட்சி"ன்னு மொழிபெயர்த்தவங்க மேலதான்.

சாட்சி வடசொல்லு, "ச"ன்னா "உடன்", "அக்ஷி"ன்னா கண்ணு, மலாய்ல சொல்ற "சக்சி"யும் இதேதான். பழந்தமிழ்ல சாட்சிக்கு கரின்னு பேரு, குறள் 25ல "இந்திரனே சாலுங் கரி"ன்னு வருது. தனித்தமிழ் ஆளுங்க "கண்கரி"ன்னு போடலாம்பாங்க, எனக்கும் ஆசதான், ஆனா தோட்டத்துல கரின்னா அடுப்புக்கரி.

சரி, நேரடிக்கு வருவோம். நம்ம மலேசியாவோட 1950 சாட்சியச் சட்டம் 60வது பிரிவு, வாய்மொழி சாட்சியம் நேரடியா இருக்கணும்ங்குது, அதாவது பாத்த விஷயத்த பாத்தவரே சொல்லணும், கேட்டத கேட்டவரே சொல்லணும். அப்ப தோட்டத்து வரிசை வீட்டுல, அதான் லயத்துல, அடுத்த வீட்டு அலறல் சத்தத்த கேட்ட பாட்டி சொல்றதும் நேரடி சாட்சியம்தானே, ஆனா வெட்டுனவன அவங்க பாக்கவே இல்லையே! வெட்டுனத பாத்தவருக்கு "நேரில் கண்ட சாட்சி"ன்னு நல்ல சொல்லு இருக்கும்போது ரெண்டு பேரையும் ஒரே மூட்டையில ஏன் கட்டணும்? அப்படி யாரும் பாக்கலன்னாலும் பாட்டி கேட்ட சத்தம், கெடைச்ச கத்தி, இப்படி சூழ்நிலைச் சாட்சியம் வலுவா இருந்தா கேஸ் நிக்கும், அப்பீலும் அதுக்குத்தான்.

நேர்ல கண்டவரு இருந்து, அவர நம்பாம விடுதலை பண்ணிருந்தா கத வேற. மேல்கோர்ட்டு நீதிபதிங்க பொதுவா சாட்சி மூஞ்சிய பாக்குறதில்ல, பதிவான வாக்குமூலத்த படிக்கிறாங்க, அவரு தடுமாறுனத முழிச்சத பாத்தது கீழ்கோர்ட்டு நீதிபதிதான். 1934ல இந்தியாவுலருந்து போன ஷியோ ஸ்வரூப் வழக்குல, அப்ப பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இதுதான்: சாட்சியம் முழுசையும் திரும்ப அலச அதிகாரம் உண்டு, ஆனா சாட்சிய நேர்ல பாத்த நீதிபதி கணிப்புக்கு மதிப்பு குடுக்கணும், சந்தேகம் இருந்தா அதோட பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத்தான்ங்கிறதையும் மறக்கக்கூடாது. அதுக்காக தொடவே மாட்டாங்கன்னு இல்ல. வெளிச்சம் இருந்துச்சா, எவ்ளோ தூரம், டாக்டர் ரிப்போர்ட்டோட ஒத்துப்போகுதா, இதெல்லாம் மூஞ்சி பாக்காமலே எடைபோடலாம், கீழ அத கோட்டை விட்டிருந்தா விடுதலை கவுந்துடும்.

இவ்ளோ விஷயத்த "நேரடி"ங்கிற ஒத்த சொல்லுல அமுக்கிட்டு, கேட்டா பத்தியில இடமில்லையாம். அதே பக்கத்துல நகைக்கடை விளம்பரம் மட்டும் பாதிக்கு மேல.