ஒரே இரவில் ஐந்து ஆட்டம்: கைப்பந்து ஆடும் தம்பிகளின் முழங்காலுக்காக

2025 செப்டம்பர் 29, திங்கட்கிழமை காலை. முந்தைய நாள்தான் பிலிப்பைன்ஸில், மணிலா பெருநகரில், ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் கைப்பந்து இறுதியாட்டம் முடிந்திருந்தது. பல்கேரியாவை 3-1 என்ற செட் கணக்கில் வென்று இத்தாலி ஐந்தாவது முறையாகப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. என் பிசியோதெரபி மையத்துக்கு அன்று முதல் ஆளாக வந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். ஐடிஐ படிக்கிறான், ஊர் அணியில் அட்டாக்கர், அதாவது குதித்துப் பந்தை எதிர்ப்பக்கம் அடிப்பவன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மடக்காமல் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். கூடவே அவன் மாமா.

உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியதே அல்ல. "சார், நேத்து பைனல் பாத்தீங்களா? அவங்கெல்லாம் அந்தக் குதி குதிக்கிறாங்களே, அவங்களுக்கு மட்டும் ஏன் சார் முட்டி வலிக்கல?"

அன்று அவனுக்கு அரைமணி நேரம் பதில் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு இன்னும் நிறையத் தம்பிகள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் பதில்: அவர்களுக்கும் வலிக்கிறது. நார்வேயில் ஒன்பது விளையாட்டுகளின் முன்னணி வீரர்களைச் சோதித்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண் கைப்பந்து வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு முழங்கால் சில்லின் தசைநாணில் வலி இருந்தது. ஒன்பது விளையாட்டுகளில் கைப்பந்துக்குத்தான் முதலிடம், கூடைப்பந்து கூட அதற்குப் பின்னால்தான். ஆங்கிலத்தில் இதை 'ஜம்ப்பர்ஸ் நீ' என்பார்கள். குதிப்பவரின் முழங்கால்.

பையனைப் படுக்க வைத்து, சில்லின் கீழ் நுனியில் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம்தான். "அங்கதான் சார்!" என்று எழுந்தே விட்டான். மூட்டில் வீக்கம் இல்லை, நீர் இல்லை, ஜவ்வும் உறுதியாக இருந்தது. எட்டு மாதமாக வலி. எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது. நோவு இருப்பது சில்லையும் கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணில், எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது.

இந்த வலி ஆளை ஏமாற்றும். ஆரம்ப நாட்களில் ஆட்டம் தொடங்கும்போது சுருக்கென்று இருக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும். "சூடானா சரியாயிடுது" என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். மறுநாள் காலை படியில் இறங்கும்போது, பைக்கிலிருந்து காலை ஊன்றும்போது திரும்ப வரும். சில மாதம் கழித்து ஆட்டத்தின் நடுவிலும் போகாது. பிறகு வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே வலிக்கும். பெரும்பாலோர் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் என்னிடம் வருகிறார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு மனவருத்தம் தருவது. நார்வேயின் இளம் வீரர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், இயல்பிலேயே அதிக உயரம் குதிக்கிற பையன்களுக்குத்தான் இந்த வலி அதிகம் வந்தது. வாரத்துக்கு ஆடும் செட்களின் எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் நன்றாகவே ஏறியது. யோசித்துப் பாருங்கள், நம் ஊரிலும் அதேதான். நன்றாகக் குதிக்கிறவனுக்குத்தான் எல்லாப் பந்தும் போகும். அவனைத்தான் பக்கத்து ஊர் அணியும் 'கெஸ்ட்' ஆட்டக்காரனாகக் கூப்பிடும். ஊரிலேயே திறமையான பையன் யாரோ, அவன் முழங்கால்தான் முதலில் போகிறது.

சரி, அவனுடைய கேள்விக்கு இரண்டாவது பதில். அதுதான் முக்கியமான பதில்.

"சனிக்கிழமை ராத்திரி ஆடினியா?" என்று கேட்டேன். மின்னொளி கைப்பந்துப் போட்டி. இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்து விடிகாலை நாலரை வரை ஐந்து ஆட்டம். "எத்தனை தடவை குதிச்சிருப்பே?" "ஒரு நூறு இருக்கும் சார்." அவன் நண்பன் போனில் எல்லா ஆட்டத்தையும் பதிவு செய்திருந்தான். மாலையில் மையம் ஓய்ந்த பிறகு நானும் அவனும் உட்கார்ந்து எண்ணினோம். ஸ்மாஷ், பிளாக் (எதிரணி அடிப்பதை நெட்டருகே குதித்துத் தடுப்பது), ஜம்ப் சர்வீஸ், பந்து வராமல் வெறுமனே குதித்து இறங்கியது, எல்லாம் சேர்த்து 326. மாமா அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இப்போது இத்தாலியைப் பாருங்கள். உலக சாம்பியன் ஆவதற்கு அவர்கள் ஆடியது ஏழே ஏழு ஆட்டம். செப்டம்பர் 14-இல் தொடங்கி 28-இல் முடித்தார்கள். குழு ஆட்டங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள். அரையிறுதியும் இறுதியும் மட்டும்தான் அடுத்தடுத்த நாள். குழுவில் பெல்ஜியத்திடம் தோற்றவர்கள், எட்டு நாள் கழித்து அதே பெல்ஜியத்தைக் காலிறுதியில் வீழ்த்தினார்கள். நடுவில் ஓய்வு இருந்தது, மாற்றி இறக்க ஆள் இருந்தது. தேசிய அணிகள் பலவற்றில் வீரர்களின் இடுப்பில் ஒரு சிறு கருவியைக் கட்டி, பயிற்சியிலேயே ஒவ்வொரு குதிப்பையும் எண்ணுகிறார்கள். இன்றைக்கு இவனுக்கு இத்தனைதான் என்று நிறுத்துகிறார்கள். உலகத்தில் மிக நன்றாகக் குதிப்பவர்களுக்கே அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. நம் பையன் ஒரே இரவில் ஐந்து ஆட்டம் ஆடினான். அதுவும் எட்டு பேர் கொண்ட அணியில், அவனுக்குப் பதிலாக இறக்க வேறு அட்டாக்கர் இல்லாமல்.

தரையையும் சொல்ல வேண்டும். பெரிய போட்டிகளில் மரத்தளத்தின் மேல் மெத்தென்ற விரிப்பு போடுகிறார்கள், இறங்கும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். மண் தரை பரவாயில்லை, நன்றாகக் கொத்தித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் நல்லது என்றே சொல்வேன். சிமெண்ட் தரைதான் மோசம். வலக்கையால் அடிப்பவர் பெரும்பாலும் இடது காலில்தான் முதலில் இறங்குவார். என்னிடம் வருபவர்களில் இடது முழங்கால் அதிகம் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சிகிச்சைக்கு வருவோம். இவன் அதுவரை செய்திருந்தவை: தைலம், ஆட்டத்துக்கு முன்னால் வலி ஊசி, இரண்டு முறை பதினைந்து நாள் முழு ஓய்வு. ஓய்வில் வலி போய்விட்டது, ஆடப் போன முதல் நாளே திரும்ப வந்தது. இது எதிர்பார்க்கக்கூடியதே. தசைநாண் சும்மா இருந்தால் வலுவாவதில்லை, இன்னும் தளர்ந்துதான் போகும். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுத்துப் பழக்க வேண்டும். அதே நேரத்தில் குதிப்பைக் குறைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். ஆட்ட சீசனின் நடுவே வழக்கம்போல் ஆடிக்கொண்டே பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி மட்டும் செய்த வீரர்களை நார்வேயில் ஆராய்ந்தபோது, பயிற்சியால் எந்தப் பலனும் தெரியவில்லை. "எக்சர்சைஸ் குடுங்க சார், ஆடுறத மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்கிறேன்.

அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பயிற்சி எளிது. வீட்டுத் தூணில் அகலமான பெல்ட்டைச் சுற்றி, அதன் வளையத்தை இரண்டு முழங்காலுக்கும் பின்னால் கொண்டுவர வேண்டும். பின்னால் சாய்ந்து, நாற்காலியில் உட்காருவதுபோல் பாதி இறங்கி, அசையாமல் 45 நொடி. இரண்டு நிமிடம் இடைவெளி. ஐந்து முறை. தொடை நடுங்கும், நடுங்கட்டும். இதில் வலி தணிந்ததும், எடை தூக்கி மெதுவாக உட்கார்ந்து எழும் பயிற்சி. பிறகுதான் குதிப்பு, அதுவும் எண்ணி. இதையெல்லாம் வாசித்துவிட்டு நீங்களாகத் தொடங்காமல், ஒருமுறை பக்கத்தில் உள்ள பிசியோதெரபிஸ்டிடம் முழங்காலைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். வளர்கிற வயதுப் பையன்களுக்குச் சில்லுக்குக் கீழே எலும்புப் புடைப்பில் வலிப்பது வேறு விஷயம், அதற்குக் கணக்கும் வேறு.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. தசைநாணில் அதைப் போட்டால் சில வாரம் வலி தெரியாது. ஆனால் தசைநாண் பலவீனமாகும், அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. போட்டி நாளுக்காக அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் கணுக்கால். உலகக் கைப்பந்துக் கூட்டமைப்பு தன் பெரிய போட்டிகளில் நான்கு ஆண்டுகள் காயங்களைப் பதிவு செய்தபோது, நான்கில் ஒன்று கணுக்காலில்தான் இருந்தது. அது பெரும்பாலும் நடப்பது நெட்டுக்குக் கீழே. விதிப்படி நடுக்கோட்டைத் தாண்டிக் காலை வைக்கலாம், பாதத்தில் ஒரு பகுதியாவது கோட்டின் மேல் இருந்தால் போதும். அட்டாக்கர் பந்தை நெட்டுக்கு மிக ஒட்டி வாங்கி முன்னால் பாய்ந்து இறங்குகிறார், எதிரணி பிளாக்கர் நேராகக் கீழே வருகிறார், அவர் கால் அட்டாக்கரின் பாதத்தின் மேல். கணுக்கால் உள்பக்கம் மடங்குகிறது. பிளாக்குக்கு இரண்டு பேர் சேர்ந்து போகும்போது சொந்த அணிக்காரன் கால்மேலேயே இறங்குவதும் உண்டு.

இதைக் குறைக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நார்வேக் கிளப்புகளில், கடைசி அடியை நீளமாக வைத்து முன்னால் பாயாமல் மேல்நோக்கிக் குதிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்குச் சமநிலைப் பலகையில் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி கொடுத்தார்கள். சுளுக்கு பாதியாகக் குறைந்தது. 1997-இல் வெளியான ஆய்வு அது. இதற்கு எந்தச் செலவும் இல்லை. அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர், அதை நெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

சுளுக்கிவிட்டால், தயவுசெய்து உடனே உருவி விடக் கொண்டு போகாதீர்கள். முதலில் நாலு அடி நடக்க முடிகிறதா என்று பாருங்கள், நொண்டி நடந்தாலும் சரி. முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும் வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் எலும்பு, உள்பக்க மேட்டு எலும்பு, இவற்றில் அழுத்த வலித்தாலும் அப்படியே. எலும்பில் விரிசல் விட்ட காலை உருவி, வீக்கம் இரண்டு மடங்காகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு நன்றாக இருந்தால் கட்டு, தூக்கி வைத்தல், சீக்கிரமே மெதுவான அசைவு. திரும்ப ஆடும்போது கயிறு கட்டும் வகை கணுக்கால் பிரேஸ். ஒருமுறை சுளுக்கிய கால் அடுத்த ஒரு வருடத்துக்குள் திரும்பச் சுளுக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த ஒரு வருடம் பிரேஸ் இல்லாமல் களம் இறங்க வேண்டாம்.

தோள்பட்டையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது ஒன்று மட்டும். 1985 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 96 முன்னணி வீரர்களைப் பரிசோதித்தபோது, 12 பேருக்கு அடிக்கிற கையின் பின்தோளில் ஒரு தசை வற்றிப் போயிருந்தது. நரம்பு பாதிப்பு. வலியே இல்லாததால் அவர்களுக்கு அது தெரியவில்லை. சட்டையைக் கழற்றி, நண்பரை முதுகுப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்பின் மீது ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பையனின் மாமா அன்று ஒன்று கேட்டார். "பாரிஸ் ஒலிம்பிக்ல போலந்து லிபரோ தோள்ல அடிபட்டும் ஆடினாரே சார்?" 2024 அரையிறுதி, அமெரிக்காவுக்கு எதிராக, பாவெல் சடோர்ஸ்கி. லிபரோ என்றால் பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரர். உண்மைதான். அது ஒலிம்பிக் அரையிறுதி. அந்த அணியோடு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள். ஆட்டம் முடிந்த நிமிடத்திலிருந்து அந்தத் தோளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் பையன்கள் விடிகாலையில் கோப்பையோடு டாடா ஏசில் ஏறி வீட்டுக்குப் போய், எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள்.

போட்டி நடத்தும் நண்பர்களிடம் எனக்குக் கோரிக்கைகள் உண்டு. பதினாறு அணி என்றால் இரண்டு இரவாகப் பிரியுங்கள். ஒரு அணிக்கு ஒரு இரவில் மூன்று ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், மாற்று ஆட்டக்காரரை இறக்கும் அணியைப் பாராட்டுங்கள். ஐஸ் பெட்டியும் கட்டுத் துணியும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த மாமா ஊர் விழாக் கமிட்டியில் இருப்பவர். பொங்கல் போட்டியை இந்த முறை இரண்டு இரவாக நடத்தினார்கள். பையன் இரண்டாவது இரவில் மட்டும், மூன்று செட் ஆடினான். ஆடிய மறுநாள் எனக்குப் போனில் ஒரு படம் அனுப்பினான். நான் கொடுத்த நாற்பது பக்க நோட்டில், தேதி போட்டு, பென்சிலால் எழுதியிருந்தான்: "குதித்தது 71. ராத்திரி வலி 3. காலையில் படி இறங்கும்போது 1."