முட்டிக்கொள்ளும் ஜோடிக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "கொரியத் தொடர்களில் இரண்டாவது ஹீரோ முதல் எபிசோடிலிருந்தே தங்கமானவனாக இருக்கிறான். ஆனாலும் நானும் தோழிகளும் நாயகியை எடுத்த எடுப்பிலேயே மட்டம்தட்டியவனோடுதான் அவளை ஷிப் பண்ணுகிறோம். ஏன் இப்படி?"

கதையில் இருவர் ஜோடி சேர வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்படுவதுதான் 'ஷிப்'. அப்படிக் கொண்டாடும் ஜோடிகளில் பல வகை உண்டு. பால்ய நண்பர்கள், ஊருக்காகக் காதலர்களாக நடிப்பவர்கள், பிரிந்து பல வருடம் கழித்துச் சேர்பவர்கள். ஆனால் மோதலில் ஆரம்பிக்கும் ஜோடிக்கு மவுசு குறைந்ததே இல்லை. 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், நடன விருந்து ஒன்றில் நாயகி எலிசபெத்தின் காதுபடவே அவளை அலட்சியமாகப் பேசிவிடுகிறான் நாயகன் டார்சி. அந்த ஜோடியை வைத்து ரசிகர்கள் இன்றும் புதுக் கதைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

விடையில் பெரும்பங்கு, 1965இல் எலியட் ஆரன்சனும் டார்வின் லிண்டரும் வெளியிட்ட ஒரு சோதனையில் இருக்கிறது. உளவியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று இது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம், 80 மாணவிகள். வந்த பெண்ணிடம், "நீங்கள் எங்களுக்கு உதவியாளர். இன்னொரு பெண்ணோடு பேச வேண்டும். அப்புறம் அவள் எங்களோடு பேசுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டு, எத்தனை பன்மைச் சொற்கள் சொல்கிறாள் என்று எண்ண வேண்டும்" என்றார்கள். இப்படி ஏழு சுற்று. அந்த இன்னொரு பெண் ஆய்வாளர்களின் ஆள். அடுத்த அறையில் அவள் பேசியது எதைப் பற்றி? பன்மைச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்த அதே மாணவியைப் பற்றி!

சிலர் ஏழு சுற்றிலும் பாராட்டையே கேட்டார்கள். சிலர் ஏழிலும் குறையையே கேட்டார்கள். இன்னும் சிலருக்கு ஆரம்பத்தில் "பேச்சு சலிப்பாக இருக்கிறது, பெரிய அறிவாளியும் இல்லை" என்று காதில் விழுந்து, போகப்போக அது பாராட்டாக மாறியது. கடைசிப் பிரிவுக்குப் பாராட்டு மெல்ல வசையானது. முடிவில், அந்தப் பெண்ணை எவ்வளவு பிடித்தது என்று -10 முதல் +10 வரை மதிப்பெண் கேட்டார்கள். எப்போதும் பாராட்டியவளுக்குச் சராசரி 6.42. திட்டலில் ஆரம்பித்துப் பாராட்டில் முடித்தவளுக்கு 7.67. மொத்தக் கணக்கில் அவள் சொன்ன நல்ல வார்த்தைகள் குறைவு, பிடித்துப்போனதோ அவளைத்தான் அதிகம்!

முதலில் பட்ட காயம் ஆறுகிற நிம்மதி ஒரு காரணம். கவனித்துப் பார்த்து மனம் மாறியவரின் பாராட்டுக்குக் கனம் அதிகம் என்பது இன்னொன்று. எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் சொன்னால் அது அவர் குணம். இவர் சொன்னால் அது என் தகுதி. நாயகியின் இடத்தில் நம்மை வைத்துத்தானே கதை பார்க்கிறோம்? அதனால் அந்த 7.67 நமக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். பாவம் இரண்டாவது ஹீரோ, அவன் 6.42.

மற்ற இரண்டு எண்களும் ரசமானவை. எப்போதும் குறை சொன்னவளுக்கு 2.52. பாராட்டிவிட்டு மாறியவளுக்கு வெறும் 0.87. முதலிலிருந்தே வில்லனாக இருப்பவனுக்குக்கூட ரசிகர் கூட்டம் சேர்கிறது. கூட இருந்து குழி பறித்தவனை யாரும் மன்னிப்பதில்லை.

பின்னால் நடந்த சோதனைகள் எல்லாவற்றிலும் இதே முடிவு வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் மாற்றம் படிப்படியாக வந்தது என்பதும் முக்கியம். நம் படங்களில் நாயகன் பின்னாலேயே சுற்றிச் சுற்றி அவளைச் சம்மதிக்க வைப்பது இந்தக் கணக்கில் சேராது. அங்கே அவன் மாறுவதே இல்லை. அதைக் காதல் என்று கொண்டாடுவது எனக்குச் சம்மதமும் இல்லை.

"இதற்கெல்லாமா ஆராய்ச்சி?" என்பவர்கள் எப்போதும் உண்டு. 1975இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர், வீண்செலவைச் சாடும் தன் முதல் 'கோல்டன் ஃப்ளீஸ்' விருதை, காதலை ஆராய 84,000 டாலர் தந்த தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். ஆராய்ந்தவர்களில் எலன் பெர்ஷீட் அதே மின்னசோட்டாக்காரர். யாரைச் சேர்த்துக்கொள்கிறோம், யாரைப் பிரிகிறோம் என்பதில் நம் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. ஜாதகப் பொருத்தம் பார்க்க யோசிக்காமல் செலவழிக்கும் நம் ஊரிலும் இதை ஆராயப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

வாசகியின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ஜோடி சேர்ந்ததும் ஏன் ஆர்வம் போய்விடுகிறது? அதற்கு மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைப் பார்க்க வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குழு, குரங்குகளிடம் இந்தச் செல்களின் துடிப்பை அளந்து 2003இல் வெளியிட்டது. திரையில் ஓர் அடையாளம் தோன்றும், சற்று நேரத்தில் குடிக்க இனிப்பான பானம் வரலாம், வராமலும் போகலாம். நிச்சயம் வரும் என்றாலோ, நிச்சயம் வராது என்றாலோ அந்த இடைவெளியில் செல்கள் அமைதியாக இருந்தன. வாய்ப்பு சரிபாதி என்கிறபோதுதான், கடைசி நொடிவரை அவற்றின் துடிப்பு மிக அதிகமாக ஏறிக்கொண்டே போனது. 'சேருவார்களா, மாட்டார்களா' என்று நம்மை உட்கார வைக்கும் நிலையும் இதுதான். தாலி ஏறியதும் வாய்ப்பு நூறு சதவீதம் ஆகிவிடுகிறது. கல்யாணம் முடிந்த கையோடு சீரியல்காரர்கள் நாயகனுக்கு ஒரு விபத்தையும் ஞாபக மறதியையும் கொண்டுவருவது, அந்த ஐம்பது சதவீதத்தை மறுபடி பிடிப்பதற்குத்தான்.