வெள்விழி தரும் எச்சரிக்கை

கண்ணாடி முன் நின்று, திடுக்கிட்டவர்போல விழித்துப் பாருங்கள். மேலிமை உயர்ந்து, கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரியும். இப்போது வாய்விட்டுச் சிரியுங்கள். கன்னம் மேலேறிக் கண் இடுங்கும். அந்த வெள்ளை மறைந்துவிடும்.

மூளைக்கு இந்த வெள்ளைக் கீற்றே போதும் என்று 2004-இல் பால் வேலன் குழுவினர் காட்டினார்கள். முகத்தில் மற்ற எல்லாவற்றையும் நீக்கி, வெள்விழியை மட்டும் 17 மில்லி விநாடி திரையில் காட்டினார்கள். உடனே அதே இடத்தில் சலனமற்ற ஒரு முகம் வந்து அதை மூடிவிடும். கண்ணிமைக்கும் பொழுதை நம் இலக்கணத்தார் ஒரு மாத்திரை என்றார்கள். இது அதிலும் சிறு துணுக்கு. அச்சத்தில் விரிந்த வெள்விழி வந்தபோது, மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும், அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி ஸ்கேனில் கூடுதலாகக் கிளர்ந்தது. சிரிக்கும் கண்களுக்கு அவ்வளவு இல்லை. அதே வடிவங்களைக் கறுப்பாக்கிக் காட்டினார்கள். அந்த வேறுபாடு காணாமற்போனது. என்னை மிகவும் கவர்ந்தது இந்தக் கடைசி முடிவுதான்: வடிவம் மட்டும் போதவில்லை, வெள்ளையாகவும் இருக்க வேண்டியிருந்தது.

சரி, மூளை கிளர்ந்தால் கவனமும் திரும்புமா? 1999-இல் கேரின் மாக், பிரெண்டன் பிராட்லி இருவரும் இதைச் சோதித்தார்கள். இடமும் வலமுமாக இரண்டு முகங்கள் 14 மில்லி விநாடி தோன்றி மூடப்படும். பிறகு ஒரு பக்கத்தில் சிறு புள்ளி. கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சுறுத்தும் முகம் இருந்த பக்கத்தில் புள்ளி வந்தால் விரல் முந்தியது. கண் அறியாத முகத்தின் பக்கம் கவனம் ஏற்கெனவே போயிருந்தது என்பதே இதன் பொருள். இடப்பக்கத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. அப்பக்கக் காட்சி முதலில் சேர்வது வலது மூளைக்கு.

இதை வைத்து 'ஆழ்மனம் எல்லாம் அறியும்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது மிகை. 2007-இல் ஒரு கண்ணுக்கு மின்னும் வண்ணக் கட்டங்களையும் மறு கண்ணுக்கு முகத்தையும் காட்டினார்கள். கட்டங்களின் மினுக்கத்தால் முகம் சற்று நேரம் புலப்படாது. அச்சோதனையில் மற்ற முகங்களைவிட அச்ச முகமே சீக்கிரம் புலப்பட்டது. ஆனால் தலைகீழாக வைத்தபோதும் அதுவே முந்தியது. ஆகவே மூளை முழு முகபாவத்தையும் படித்துப் புரிந்துகொண்டது என்று சொல்ல முடியாது. கண்ணருகே உள்ள கருமை வெண்மை வேறுபாடே பெரும்பகுதி வேலையைச் செய்திருக்கலாம்.

அமிக்டலாதான் அனைத்தையும் நடத்துகிறது என்பதும் உறுதியில்லை. ஆய்வுலகில் 'எஸ்.எம்.' என்று மட்டும் அறியப்படும் பெண்ணுக்கு இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. அச்ச முகத்தைப் பார்த்து இது அச்சம் என்று சொல்ல அவர் தடுமாறுவார். ஆயினும் 2009-இல் வெளியான ஆய்வில், மற்றவர்களைப் போலவே அவரும் அந்த முகங்களைச் சட்டென்று கண்டுபிடித்தார்.