காதில் கேட்கும் குரலுக்கு முகம் வைக்கலாமா?

போன மாதம் வெள்ளவத்தையில் கிளினிக் முடிகிற நேரத்தில் ஒரு தம்பி திரைக்கதையோடு வந்தார். உளவியல் திரில்லர் நாவல் ஒன்றைப் படமாக்க உரிமை வாங்கியிருக்கிறாராம். நாயகனுக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. "டொக்டர், மருத்துவப் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

நாவலில் அவனுக்குக் கேட்கும் குரல் நமக்கும் கேட்கிறது. எது குரல், எது அவன் நினைப்பு என்று நமக்கே பிடிபடாது. திரைக்கதையிலோ அந்தக் குரல் கறுப்புச் சட்டை போட்ட ஆளாகிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றது. சினிமாவுக்குக் காட்சி வேண்டும், சரி. ஆனால் இந்த நோயில் உருவம் தெரிவதைவிடக் குரல் கேட்பதுதான் அதிகம். சிலருக்கு அது கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஓடும்: "பார், இப்ப தேத்தண்ணி குடிக்கப் போறான்." நம்மோடு கதைத்துக்கொண்டே தலையை லேசாகத் திருப்புவார்கள், பதில் ஒரு கணம் பிந்தும். இயர்போனில் பாட்டைக் கூட்டிவைத்துக் குரலை அமுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கமராவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடைவேளைக்குப் பிறகு அவன் வேறொரு ஆளாக மாறிக் கொலை செய்கிறான். ஆள் மாறுவது வேறு நோய். 'மனப்பிளவு' என்று சிலர் தமிழில் எழுதுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, அடி வாங்குவதுதான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நிறைந்த தியேட்டரில் அப்படி ஒருவரோ, அவருடைய அம்மாவோ இருக்கலாம்.

கடைசியில் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி. இருட்டு வராந்தா, கட்டிவைத்துக் கரண்ட். இன்று அந்த மின்னதிர்ச்சிச் சிகிச்சை மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்யப்படுகிறது. அந்த ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். "அங்கொடைக்கு அனுப்பிப்போடுவீங்களோ?" என்ற பயத்திலேயே வருடக்கணக்காக வராமலிருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்துக் கதைக்கலாம்.

"அப்ப திரில் எங்க, டொக்டர்?" என்றார் தம்பி.

நாவலை வாங்கி ஒரு பக்கத்தைக் காட்டினேன். சமையலறையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டது அம்மாதானா என்று தெரியாமல் அவன் கதவடியில் நிற்கிறான். திரைக்கதையில் அந்தப் பக்கம் இல்லவே இல்லை.